டாட் ரன்ட்கிரன் யார்? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரில் நான் போடும் பாட்டைக் கேட்டுவிட்டு "இது யாரு?" என்று கேட்காதவர்கள் குறைவு. பெயரைச் சொன்னால் அடுத்த பத்து நிமிடம் கேள்விகள்தான். அவையும் பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லப் போவதில்லை.

யாரு சார் இவர்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

டாட் ரன்ட்கிரன் ஓர் அமெரிக்க ராக் பாடகர். தன் பாட்டைத் தானே எழுதுபவர், கிதார் வாசிப்பவர், பிறருக்கு ஆல்பம் செய்துகொடுக்கும் புரொட்யூசர். 1948 ஜூன் 22 அன்று பிறந்தார். வளர்ந்தது பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவை ஒட்டியிருக்கும் அப்பர் டார்பி என்ற ஊரில்.

கேள்விப்படாததில் தப்பில்லை. அமெரிக்காவிலேயே பலருக்கு இவர் கை பட்ட பாட்டுகள் மனப்பாடம், இவர் பெயர் தெரியாது. சொந்தமாக அவர் கொடுத்த பெரிய ஹிட் இரண்டு மூன்றுதான். பிறருக்குச் செய்துகொடுத்ததில் ஒன்று உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பங்களின் வரிசையில் இருக்கிறது.

புரொட்யூசர்னா பணம் போடுறவர்தானே? அதுல என்ன பெரிய கலை?

நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். இசைத்தட்டு உலகத்தில் அப்படியில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அது டைரக்டர் வேலை. ஒரு குழு முப்பது பாட்டோடு வரும். எந்தப் பத்து தேறும், எந்தப் பாட்டின் நடுப்பகுதி தேவையில்லை, டிரம்ஸுக்கு முன்னால் மைக்கை எங்கே வைப்பது, பாடகர் ஏழாவது தடவை பாடியது நன்றாக இருந்ததா இரண்டாவது தடவையா, தட்டில் எது முதலில் வர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர்தான் புரொட்யூசர். பணம் கம்பெனியுடையது.

அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு செய்ய ஒரு சவுண்ட் என்ஜினியர் தனியாக இருப்பார். ரன்ட்கிரன் இரண்டையும் தானே பார்த்துக்கொண்டார். வேண்டுமென்றால் கிதாரும் வாசிப்பார், பின்குரலும் பாடுவார். ஆளும் மிச்சம், நேரமும் மிச்சம் என்பதால் கம்பெனிகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. பணமும் அவர் தலையில் விழுந்த கதை ஒன்று உண்டு, அது கீழே வருகிறது.

எப்படி ஆரம்பிச்சார்?

வுடீஸ் டிரக் ஸ்டாப் என்ற ப்ளூஸ் குழுவில் கிதார் வாசித்தார். 1967-இல் அதை விட்டு நாஸ் என்ற குழுவைத் தொடங்கினார். பிரிட்டிஷ் பாணியில் தலைமுடி, உடை, பாட்டு எல்லாம். இரண்டே வருடம், 1969-இல் அதிலிருந்தும் விலகிவிட்டார்.

அப்போதுதான் பாப் டிலனின் மேனேஜராக இருந்த ஆல்பர்ட் கிராஸ்மன் கண்ணில் பட்டார். கிராஸ்மன் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் பக்கம் பேர்ஸ்வில் என்ற கம்பெனியும் ஸ்டுடியோவும் வைத்திருந்தார். அங்கே ஒலிப்பதிவு செய்யும் ஆளாகச் சேர்ந்தவர், 1970-இல் தி பேண்ட் குழுவின் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' ஆல்பத்துக்கு என்ஜினியர். வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. தன் பாட்டுகளையும் அதே வருடம் 'ரன்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். அதில் ஒரு பாட்டு அமெரிக்க ஹிட் பட்டியலில் 20-ஆம் இடம் வரை போனது.

'ஹலோ இட்ஸ் மீ' அடெல் பாடினதுதானே? இது ஏன் ரெண்டு விதமா இருக்கு?

அடெல் பாட்டு வேறு. இது அவர் பிறப்பதற்கு முன்பே வந்தது. ரன்ட்கிரன் எழுதிய ஆரம்பகாலப் பாட்டு, 1968-இல் நாஸ் குழு வெளியிட்ட தட்டின் பின்பக்கத்தில் இருந்தது. அதில் வேகம் குறைவு, சோகம் கூடுதல். பின்னால் தன் தனி ஆல்பத்துக்காக அதையே வேகம் கூட்டி, ஊது வாத்தியங்களும் பின்குரல்களும் சேர்த்து மறுபடி பதிவு செய்தார். ரேடியோவில் வருவது இந்த இரண்டாவதுதான். அமெரிக்காவில் 5-ஆம் இடம் வரை போனது.

ஒரே ஆள் எல்லா வாத்தியத்தையும் வாசிச்சாராமே, நம்பலாமா?

நம்பலாம். 1972-இல் வந்த 'சம்திங் எனிதிங்' இரட்டை ஆல்பம். நான்கு பக்கங்களில் மூன்றில் குரல், பின்குரல், கிதார், பேஸ், பியானோ, டிரம்ஸ் எல்லாமே அவர்தான். நான்காவது பக்கத்துக்கு மட்டும் ஆட்களைக் கூட்டி, ஸ்டுடியோவில் எல்லோரும் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தார்கள். மேலே சொன்ன 'ஹலோ இட்ஸ் மீ' அந்த நான்காவது பக்கம்.

முதல் ஆள் என்று சொல்லிவிடாதீர்கள், யாராவது பிடித்துக்கொள்வார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1970-இலேயே தனியாக ஓர் ஆல்பம் முழுக்க வாசித்துவிட்டார். ரன்ட்கிரனிடம் எனக்குப் பிடித்தது வேறு. அவர் முதலில் டிரம்ஸைப் பதிவு செய்வார். பாட்டு இன்னும் இல்லை; மனதுக்குள் பாடிக்கொண்டே அடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டிராக்காக அதன்மேல் ஏற்றுவார். அஸ்திவாரம் போடும்போதே மொட்டை மாடி எப்படியிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த டிரம்ஸ் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. நல்ல டிரம்மர் ஒருவரை அழைத்திருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும், ஆனால் அந்த ஆல்பமாக இருந்திருக்காது.

ஹிட் கொடுத்தவர் அடுத்து ஏன் தலையும் புரியாத வாலும் புரியாத ஆல்பம் போட்டார்?

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. 1973-இல் வந்த 'எ விஸர்ட், எ ட்ரூ ஸ்டார்'. ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொன்று உள்ளே வந்துவிடும். நடுவில் நாய் குரைக்கும். திடீரென்று பழைய சோல் பாட்டுகள் நான்கை உருக்கமாகச் சேர்த்துப் பாடுவார். ரேடியோவில் போட ஒன்றுகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டுகளின் வரிசைக் கணக்கு இங்கே தலைகீழ். 'ஹலோ இட்ஸ் மீ' தனித்தட்டாக வெளிவந்து ஹிட்டானது 1973 கடைசியில், அதாவது இந்த விசித்திர ஆல்பம் கடைக்கு வந்து பல மாதம் கழித்து. உலகம் காதல் பாட்டுக்காரரைக் கண்டுபிடித்தபோது, அந்த ஆள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். டிவியில் அந்தப் பாட்டைப் பாட அழைத்தார்கள். இறகு வைத்த உடையும் கண்ணைச் சுற்றி வண்ணப் பூச்சுமாக வந்து நின்றார். பியானோவில் உட்கார்ந்து பாடும் சாந்தமான பையனை எதிர்பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள்.

கம்பெனி தலையில் கை வைத்துக்கொண்டது வாஸ்தவம். ஆனால் எளிதாக வரும் காதல் பாட்டை எழுதிக்கொண்டே இருப்பதில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. மறுபடி அதே மாதிரி செய்வது அவருக்கு வேலை, புதிதாகச் செய்வது விளையாட்டு.

பழைய தட்டு வாங்கினேன், சத்தம் சன்னமா இருக்கு. தட்டு பழுதா?

பழுதாக இருக்காது. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்பதுதான் வசதியான அளவு. சத்தம் பெரிதாக இருந்தால் பள்ளம் அகலமாக ஆடும், இடம் பிடிக்கும். நேரம் கூடக்கூடப் பள்ளங்களை நெருக்க வேண்டும்; அப்போது சத்தத்தையும் பேஸையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். 'விஸர்ட்' ஏறக்குறைய 56 நிமிடம். 1975-இல் வந்த 'இனிஷியேஷன்' அதையும் தாண்டி 67 நிமிடத்துக்கு மேல், அதுவும் ஒரே தட்டில்.

அந்த அட்டையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தார்கள்: தேய்ந்த ஊசியால் போட்டால் தட்டு கெட்டுவிடும், சத்தம் போதவில்லையென்றால் டேப்பில் பதிவு செய்து கேளுங்கள் என்று. வாங்கியவனையே மறுபதிவு செய்யச் சொன்ன இசைத்தட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

யுடோபியாங்கறது ஆல்பமா, பேண்டா?

பேண்ட். 1973-இல் தொடங்கியது. முதலில் மூன்று கீபோர்டு, இருபது முப்பது நிமிட நீளப் பாட்டு என்று போனார்கள். பிறகு நான்கு பேராகச் சுருங்கினார்கள்: ரன்ட்கிரன், கீபோர்டில் ரோஜர் பவல், பேஸில் காசிம் சுல்டன், டிரம்ஸில் வில்லி வில்காக்ஸ். 1977-இல் மேடையில் பெரிய பிரமிடு கட்டி வாசித்தார்கள். 1980-இல் பீட்டில்ஸ் பாணியை அச்சு அசலாகப் பிடித்து ஓர் ஆல்பம் போட்டார்கள். என் சொந்தக் கருத்து: நால்வர் குழுவின் குட்டிப் பாட்டுகள் நல்லவை, ஆரம்பகால நீளப் பாட்டுகளுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது இல்லை.

மீட் லோஃப் ஆல்பத்துல இவருக்கு என்ன வேலை?

இதுதான் மேலே சொன்ன பணக் கதை. ஜிம் ஸ்டைன்மன் எழுதிய நாடகத்தனமான நீண்ட பாட்டுகள், அவற்றை ஆஜானுபாகுவாக நின்று வியர்த்து ஒழுகப் பாடும் மீட் லோஃப். இருவரும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள், யாரும் சீந்தவில்லை. ரன்ட்கிரனுக்குப் பியானோவும் குரலுமாகப் பாடிக்காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்க ராக் நட்சத்திரம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை இவ்வளவு பெரிதாகக் கிண்டல் செய்கிறார்களே, இதைச் செய்தே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொண்டதாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். எழுதியவர் கிண்டலாக எழுதினாரா என்பது வேறு விஷயம்.

ஸ்பிரிங்ஸ்டீன் குழுவிலிருந்தே பியானோவுக்கு ராய் பிட்டனும் டிரம்ஸுக்கு மேக்ஸ் வைன்பெர்கும் வந்தார்கள். யுடோபியா ஆட்களும் சேர்ந்தார்கள். கம்பெனி ஒப்பந்தம் கையில் இருப்பதாக நம்பித்தான் ரன்ட்கிரன் வேலையை ஆரம்பித்தார். அது இல்லை என்று தெரிந்தபோது செலவைச் சுமக்கும் நிலைமை அவருக்கு வந்தது. தலைப்புப் பாட்டின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் சீறும். ஸ்டைன்மன் உண்மையான வண்டியைத்தான் கேட்டார். ரன்ட்கிரன் கிதாரை எடுத்து அங்கேயே உறுமவைத்துக் காட்டிவிட்டார். இன்று கேட்டாலும் வண்டி என்றுதான் காது நம்பும்.

'பேட் அவுட் ஆஃப் ஹெல்' 1977 அக்டோபரில் ஒரு சிறு கம்பெனி மூலம் வெளிவந்தது. மெதுவாக ஏறி, உலகம் முழுக்க நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கு. இதிலிருந்து வந்த ராயல்டி அவர் வாழ்க்கையை மாற்றியது. அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பது கம்ப்யூட்டர் கேள்வியில்.

வேற யாருக்கெல்லாம் பண்ணியிருக்கார்?

பெரிய பட்டியல். எனக்கு முக்கியமென்று படுவதை மட்டும் சொல்கிறேன். 1971-இல் பேட்ஃபிங்கர் குழுவின் 'ஸ்ட்ரெயிட் அப்' ஆல்பத்தை பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் பாதி செய்துகொண்டிருந்தார். பண்டிட் ரவிசங்கர் கேட்டு, வங்கதேச அகதிகளுக்கான நிதிக் கச்சேரியை நடத்தப் போனதால் வேலை நின்றது. அதை எடுத்து முடித்தவர் ரன்ட்கிரன்.

1973 ஒரே வருடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேலைகள். கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடு குழு கூட்டம் கூட்டும், ஆனால் முதலிடம் போன ஹிட் கிடையாது; 'வீ ஆர் அன் அமெரிக்கன் பேண்ட்' பாட்டில் அதைக் கொடுத்தார். இன்னொரு பக்கம் நியூயார்க் டால்ஸ் குழுவின் முதல் ஆல்பம். பெண்களின் உடையும் உதட்டுச்சாயமும் போட்டு வந்த அந்தப் பையன்களின் தட்டு அன்றைக்கு விற்கவில்லை. பின்னால் பங்க் இசை பிறந்தபோது இதைத்தான் பாட்டன் முப்பாட்டன் என்று கும்பிட்டார்கள். 1979-இல் பாடகி பேட்டி ஸ்மித்தின் 'வேவ்'. 1982-இல் சைகெடெலிக் ஃபர்ஸ் குழுவின் 'ஃபார்எவர் நவ்'.

இவரோட வேலை செஞ்சவங்க எல்லாம் திட்டுறாங்களாமே?

எல்லோரும் இல்லை. பேட்டி ஸ்மித் நெடுநாள் சிநேகிதி. ஆனால் திட்டியவர்கள் உண்டு. மேலே சொன்ன பேட்ஃபிங்கர் குழுவினருக்கே அவர் வேலை வாங்கிய விதம் பிடிக்கவில்லை. ஆள் வேகமானவர், வாய் கொஞ்சம் நீளம், தன் முடிவில் சந்தேகம் வராத ரகம்.

பெயர் பெற்ற சண்டை 1986-இல், இங்கிலாந்தின் எக்ஸ்டிசி குழுவோடு. 'ஸ்கைலார்க்கிங்' ஆல்பம். அவர்கள் அனுப்பிய மாதிரிப் பதிவுகளைக் கேட்டுவிட்டு, அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே எந்தப் பாட்டு, எந்த வரிசை, எது எதற்குள் கலக்கும் என்று தீர்மானித்து வைத்திருந்தார். குழுவின் தலைவர் ஆண்டி பார்ட்ரிட்ஜ் தன் ஆல்பத்தின் ஒவ்வோர் அங்குலத்தையும் தானே தீர்மானித்துப் பழகியவர். ஒரு உறையில் இரண்டு கத்தி. முடிந்ததும் பார்ட்ரிட்ஜ் பேட்டிக்குப் பேட்டி குறைபட்டுக்கொண்டார். அப்புறம் வருடங்கள் போகப்போக, ரன்ட்கிரன் செய்தது பிரமாதம் என்று அவரே ஒப்புக்கொண்டார். எக்ஸ்டிசி ஆல்பங்களில் சிறந்தது எது என்று கேட்டால் பலர் சொல்வது இதைத்தான், நானும்.

'ஸ்கைலார்க்கிங்'ல புதுப் பதிப்பு வாங்கணுமா, பழசே போதுமா?

புதியது வாங்குங்கள். 2010-இல் ஒரு விஷயம் தெரியவந்தது: ஒலி வந்த பாதையில் எங்கோ கம்பி மாறி இணைந்திருந்ததால், ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டிய இடத்தில் உள்ளே இழுத்திருக்கிறது. அதனால்தான் பேஸ் மெலிந்து கிடந்தது. திருத்திய பதிப்பில் அடிவயிறு திரும்பி வந்திருக்கிறது. இன்னொன்று: முதல் பதிப்பில் 'டியர் காட்' பாட்டே கிடையாது. தனித்தட்டின் பின்பக்கத்தில் ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்க ரேடியோக்காரர்கள் அதைத் திருப்பிப்போட்டு ஒலிபரப்பிய பிறகுதான் ஆல்பத்துக்குள் வந்தது.

ஜான் லெனனோட சண்டைன்னு சொல்றாங்களே?

1974-இல் பிரிட்டனின் மெலடி மேக்கர் பத்திரிகைப் பேட்டியில் ரன்ட்கிரன், பீட்டில்ஸ் குழுவில் இருந்த லெனனைத் தாக்கிப் பேசினார். லெனன் அதே பத்திரிகைக்கு இவர் பெயரைக் கோமாளித்தனமாகத் திரித்து ஒரு கடிதம் எழுதினார். அவ்வளவுதான். லெனன் கடிதம்தான் சிரிக்க வைக்கிறது. வென்றது அவர்.

இசைக்காரருக்கு கம்ப்யூட்டரோட என்ன சம்பந்தம்?

மீட் லோஃப் பணம் இங்கேதான் போனது. பேர்ஸ்வில் பக்கத்திலேயே சொந்தமாக வீடியோ ஸ்டுடியோ கட்டினார், எம்டிவி என்று ஒன்று வருவதற்கு முன்பே. ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கு ஒரு மென்பொருளும் உருவாக்கினார். 1978-இல் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரத்துக் கேபிள் டிவியில் ஒரு கச்சேரி. வீட்டிலிருப்பவர்கள் பொத்தானை அழுத்தி, அடுத்து எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுத்தார்கள்.

1985-இல் 'அ கப்பெல்லா' ஆல்பம்: டிரம்ஸ் உட்பட எல்லா ஒலியும் அவர் குரல்தான், அதை சாம்ப்ளர் என்ற, ஒலியைப் பதிந்து மாற்றி வாசிக்கும் கருவியில் ஏற்றித் திரித்துச் செய்தார். 1993-இல் 'நோ வேர்ல்ட் ஆர்டர்': கேட்பவரே பாட்டைத் துண்டு துண்டாக மாற்றி அடுக்கிக்கொள்ளும்படி ஒரு வட்டு. தொண்ணூறுகளின் பின்பகுதியில், ரசிகர்கள் இணையத்தில் நேரடியாகச் சந்தா கட்டினால் பாட்டு செய்தவுடனேயே அனுப்புவது என்றொரு திட்டம். இன்று அது சாதாரணம். இன்டர்நெட் போன் லைனில் கிணுகிணுத்துக்கொண்டிருந்த காலத்தில் யாருக்குப் புரியும்?

இவை எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். 'நோ வேர்ல்ட் ஆர்டர்' கேட்பதைவிட விளக்குவதற்குச் சுவாரசியமானது. ஆனால் 2021-இல், கோவிட் காலத்தில், சிகாகோவில் ஒரே அரங்கில் இருந்துகொண்டு ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு நகரத்துக்கென்று ஆன்லைன் கச்சேரி நடத்தினார். குழுவினருக்குச் சாப்பாடுகூட அன்றைய ஊரின் சாப்பாடு. எழுபதைத் தாண்டிய ஆள்.

மேட்ச்ல வர்ற அந்த டிரம் பாட்டு இவருடையதா?

ஆமாம். 'பேங் த டிரம் ஆல் டே', 1980-களின் தொடக்கத்தில் வந்தது. வேலை செய்யப் பிடிக்கவில்லை, நாள் முழுக்க டிரம் அடிக்க வேண்டும் என்பதே மொத்தப் பாட்டு. வெளிவந்தபோது 63-ஆம் இடத்தோடு நின்றது. பிறகு அமெரிக்க ஃபுட்பாலில் கிரீன் பே பேக்கர்ஸ் அணி டச்டவுன் (நம் கோல் மாதிரி) போடும்போதெல்லாம் மைதானத்தில் ஒலித்தது, சொகுசுக் கப்பல் விளம்பரத்துக்கும் போனது. 'விஸர்ட்' எழுதிய மனிதருக்குச் சில்லறை கொட்டியது இந்த மூன்றரை நிமிட விளையாட்டு.

எரிக் கிளாப்டனோட கிதார் இவர்கிட்ட எப்படி வந்தது?

பிரிட்டனின் கிரீம் குழுவில் கிளாப்டன் வாசித்த, வண்ண வண்ணமாகப் படம் வரைந்த கிப்சன் எஸ்ஜி கிதார் அது. கிளாப்டனிடமிருந்து கைமாறி, ஜாக்கி லோமாக்ஸ் என்ற பாடகரிடம் இருந்தது. ரன்ட்கிரன் அதை 500 டாலருக்கு வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல், வருடக்கணக்கில் மேடையில் வாசித்தார். 2000-இல் ஏலத்தில் சுமார் 1,50,000 டாலருக்குப் போனது.

லிவ் டைலர் இவர் மகளா?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தில் ஆர்வெனாக வந்தவர். பிறந்தபோது லிவ் ரன்ட்கிரன். பெற்ற தந்தை ஏரோஸ்மித் பாடகர் ஸ்டீவன் டைலர். தகப்பனாக நின்று வளர்த்தது ரன்ட்கிரன். அதை லிவ்வே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

ஹால் ஆஃப் ஃபேம் கொடுத்தும் போகலையாமே? திமிரா?

ராக் இசையில் சாதித்தவர்களுக்கான 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் அது. 2021-இல் கொடுத்தார்கள். விழா ஒஹையோவின் கிளீவ்லாந்தில். அன்றிரவு அதே மாநிலத்தில் சின்சினாட்டியில் அவருக்குக் கச்சேரி இருந்தது, அங்கே பாடிக்கொண்டிருந்தார். அந்த அமைப்பைப் பல வருடமாகவே குறை சொல்லி வந்தவர், பரிசு வந்ததும் மாற்றிப் பேசவில்லை. பேட்டி ஸ்மித் வீடியோவில் வந்து அவரைப் பற்றிப் பேசினார். திமிரா என்றால், கொஞ்சம் உண்டுதான். டிக்கெட் வாங்கியவர்களை ஏமாற்றவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கிறது?

'சம்திங் எனிதிங்' முதல் பக்கம். 'ஐ சா த லைட்' பாட்டில் தொடங்குகிறது. அது பிடிக்கவில்லையென்றால் அதற்குமேல் போக வேண்டாம், நேரம் மிச்சம். பிடித்தால் அடுத்து 1978-இன் 'ஹெர்மிட் ஆஃப் மிங்க் ஹாலோ', அதுவும் தனியாளாகச் செய்தது, மனம் உடைந்தவரின் ஆல்பம். அதன்பிறகு 'ஸ்கைலார்க்கிங்', திருத்திய பதிப்பு. 'விஸர்ட்' மூன்று மாதம் கழித்து, இரவில், ஹெட்ஃபோனில். நாய் குரைக்கும் இடத்தில் எழுந்து வாசலைப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.